வண்ணப் பட்டியும் வாசிப்பு நிலையும்: இங்கிலாந்துத் தொடக்கப்பள்ளிக்குப் புதிதாக வந்த தமிழ்ப் பெற்றோருக்கு

செப்டம்பரில் ரிசப்ஷன் என்னும் தொடக்க வகுப்பில் சேர்ந்த பிள்ளை, சில வாரங்கள் கழித்து ஒரு நாள் மாலையில் புத்தகப் பையைத் திறந்து, எட்டோ பதினாறோ பக்கங்கள் மட்டுமே உள்ள ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்து நீட்டும். அதன் அட்டையில் ஒரு வண்ணப் பட்டி இருக்கும், அல்லது ஓர் எண் இருக்கும். சில பள்ளிகளில் இரண்டும் இருக்கும். கூடவே ‘ரீடிங் ரெக்கார்ட்’ என்னும் சிறு குறிப்பேடும் வரும். தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ படித்து வளர்ந்த நமக்கு, வகுப்பு முழுவதற்கும் ஒரே பாடநூல் என்பதுதான் பழக்கம். இங்கே அப்படியொரு பாடநூலே இல்லாமல், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மஞ்சளும் நம் பிள்ளைக்குச் சிவப்புமாகப் புத்தகம் வருவதைக் கண்டதும், இது ஏதோ தரவரிசை என்று மனம் பதறிவிடுகிறது.

அந்தப் பதற்றம் எனக்கும் இருந்தது. என் மூத்த மகள் சிவப்பு நிலையிலேயே பல வாரங்கள் இருந்தபோது, நான் வேறு இடத்தில் மேல்நிலைப் புத்தகங்களை வாங்கி வந்து இரவில் படிக்க வைத்தேன். பத்து நாளில் அவள் புத்தகப் பையைத் திறக்கவே மறுத்தாள். இன்று என் இரு பிள்ளைகளும் அந்தப் படிகளைக் கடந்துவிட்டார்கள். நான் வாரத்தில் ஒரு காலை, ஒரு தொடக்கப்பள்ளியில் சிறுவர்கள் படிப்பதைக் கேட்கும் தன்னார்வலராக இருக்கிறேன். அங்கே அமர்ந்து கற்றுக்கொண்ட முதல் பாடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நிறம் நமக்குச் சொல்லும் செய்தி ஒன்றே: இந்தப் புத்தகத்தைப் பெரியவர் உதவி அதிகமின்றிப் படிப்பதற்குத் தேவையான ஒலிகளும் சொற்களும் உங்கள் பிள்ளைக்கு இதுவரை கற்பிக்கப்பட்டுவிட்டன என்று ஆசிரியர் கருதுகிறார். அதற்கு மேல் அதில் எதையும் தேட வேண்டாம்.

இங்கே எழுதியிருப்பது இங்கிலாந்துப் பள்ளிகளைப் பற்றியது. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் பாடத்திட்டம் வேறு.

முதல் படி: எந்தத் திட்டம் என்று கேட்டறியுங்கள்

நிறத்தின் பொருளைத் தேடும் முன், பள்ளி எந்த ஃபோனிக்ஸ் திட்டத்தை, அதாவது எழுத்தொலிகளைச் சேர்த்துப் படிக்கக் கற்பிக்கும் திட்டத்தை, பின்பற்றுகிறது என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். ‘லிட்டில் வாண்டில்’, ‘ரீட் ரைட் இங்க்’, ‘ஃப்ளாப்பிஸ் ஃபோனிக்ஸ்’, ‘பக் கிளப்’ போன்ற பெயர்களில் ஒன்று பதிலாக வரும். பெரும்பாலான பள்ளிகளின் இணையதளத்திலும் இது குறிப்பிடப்பட்டிருக்கும்.

இந்தக் கேள்வி ஏன் முதலில் வர வேண்டும் என்றால், ஒரே நிறம் இரண்டு திட்டங்களில் இரண்டு பொருள் தரும். பரவலாக வழங்கும் ‘புக் பேண்ட்’ வரிசையில் இளஞ்சிவப்பு ஏறத்தாழத் தொடக்க நிலை. ஆனால் ‘ரீட் ரைட் இங்க்’ திட்டத்தின் கதைப் புத்தகங்களில் பச்சை முதலிலும், பிறகு ஊதாவும், அதற்குப் பிறகே இளஞ்சிவப்பும் வரும். தொடர்ந்து ஆரஞ்சு, மஞ்சள், நீலம், சாம்பல் என்று போகும். வேறு பள்ளியில் படிக்கும் உறவினர் பிள்ளை ‘பச்சை’யில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, இளஞ்சிவப்பில் இருக்கும் தன் மகனைக் கடிந்துகொண்ட ஒரு தாயை எனக்குத் தெரியும். உண்மையில் ‘ரீட் ரைட் இங்க்’ வரிசைப்படி அந்தப் பையன்தான் சில படிகள் முன்னே இருந்தான்.

இரண்டாம் படி: வரிசையைத் தெரிந்துகொள்ளுங்கள், மனப்பாடம் வேண்டாம்

புக் பேண்ட் முறை, 1990களின் பிற்பகுதியில் லண்டன் பல்கலைக்கழகக் கல்வியியல் நிறுவனத்தில், வாசிப்பில் பின்தங்கிய சிறுவர்களுக்கான ‘ரீடிங் ரிக்கவரி’ திட்டத்தைச் சேர்ந்தவர்கள் வகுத்தது. வெவ்வேறு பதிப்பகங்கள் வெவ்வேறு எண்களைப் போட்டு விற்ற புத்தகங்களைக் கடினத்தின்படி ஒரே அடுக்கில் வைப்பதற்காகவே நிறங்கள் வந்தன. வரிசை இது: சொற்களே இல்லாத இளம் ஊதா, பிறகு இளஞ்சிவப்பு, சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, ஆரஞ்சு, டர்க்காய்ஸ் எனப்படும் நீலப்பச்சை, ஊதா, பொன்னிறம், வெள்ளை, எலுமிச்சைப் பச்சை. அதற்கு மேலும் பழுப்பு, சாம்பல் என்று சில நிறங்களைப் பள்ளிகள் வைத்திருக்கும்.

‘ஆக்ஸ்ஃபர்ட் ரீடிங் ட்ரீ’ புத்தகங்களில் எண்கள் இருக்கும். அவற்றில் 1 என்பது இளம் ஊதா, 1+ இளஞ்சிவப்பு, 2 சிவப்பு, 3 மஞ்சள், 4 நீலம், 5 பச்சை என்று ஏறும். ரோடெரிக் ஹன்ட் எழுதி அலெக்ஸ் பிரைக்டா படம் வரைந்த அந்தக் கதைகள் 1980களிலிருந்து இந்நாட்டு வகுப்பறைகளில் இருக்கின்றன. பிஃப், சிப், கிப்பர் என்னும் மூவரும், ஃப்ளாப்பி என்னும் நாயும் அவற்றின் நாயகர்கள். பிஃப் பெண் பிள்ளை, சிப்பின் இரட்டையர் என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை; பெயரைக் கேட்டுப் பையன் என்று நினைத்துப் பேசினால் பிள்ளை உடனே திருத்திவிடும். ஐந்தாம் நிலையில் ஒரு மந்திரச் சாவி வரும், அதற்காகவே அந்த நிலையை எட்ட ஏங்கும் பிள்ளைகள் உண்டு.

ரிசப்ஷன் முடியும்போது சிவப்பு அல்லது மஞ்சளை ஒட்டியும், அடுத்த வகுப்பான இயர் ஒன் முடியும்போது பச்சை அல்லது ஆரஞ்சை ஒட்டியும், இயர் டூ முடியும்போது பொன்னிறம் அல்லது வெள்ளையை ஒட்டியும் பிள்ளைகள் இருப்பார்கள் என்பது தோராயமான கணக்கு. பள்ளிக்குப் பள்ளி இது மாறும். செப்டம்பர் 1 அன்று பிறந்த பிள்ளையும் அடுத்த ஆகஸ்ட் 31 அன்று பிறந்த பிள்ளையும் ஒரே வகுப்பில் அமர்கிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். நான்கு வயதில் ஓராண்டு இடைவெளி என்பது வாழ்நாளில் நான்கில் ஒரு பங்கு.

இளம் ஊதாப் புத்தகம் வந்தால், ‘இதில் எழுத்தே இல்லையே’ என்று திருப்பி அனுப்பாதீர்கள். படத்தைப் பார்த்து, முதலில் என்ன நடந்தது, அடுத்து என்ன நடந்தது என்று கோத்துச் சொல்லப் பழக்குவதே அதன் வேலை. அந்தக் கதையைத் தமிழிலேயே சொல்லச் சொல்லுங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டியோ அம்மம்மாவோ பிள்ளையோடு அமர்ந்து, இடையில் யார் மொழிபெயர்க்கவும் வேண்டாமல், முழுமையாகப் பயன்படுத்தக்கூடிய பள்ளிப் புத்தகம் அது.

இடையில் ஓர் எச்சரிக்கை. சாரிட்டி கடைகளில் பழைய வாசிப்புப் புத்தகங்கள் மலிவாகக் கிடைக்கும். 2006ஆம் ஆண்டு ஜிம் ரோஸ் தலைமையில் வெளிவந்த ஆய்வறிக்கைக்குப் பிறகே, எழுத்தொலிகளை முறையாகக் கற்றுச் சேர்த்துப் படிக்கும் முறை இங்கிலாந்துப் பள்ளிகளில் முதலிடம் பெற்றது. அதற்கு முந்தைய தொடக்கநிலைப் புத்தகங்கள் பல, ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் படத்தைப் பார்த்து ஊகிக்க வைப்பவை; மூன்று எழுத்துச் சொல்லையே கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளையின் முன் ‘ஹெலிகாப்டர்’ வந்து நிற்கும். அவற்றை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். பிள்ளை வாசிக்க வேண்டிய புத்தகம் பள்ளியிலிருந்து வரட்டும்.

மூன்றாம் படி: எழுத்தின் பெயரை விட்டு ஒலியைப் பிடியுங்கள்

வீட்டில் உதவுவதற்கு நாம் கற்றுக்கொள்ள வேண்டியது பெரும்பாலும் இந்தப் படியில்தான் இருக்கிறது. நாம் படித்த காலத்தில் ‘சி-ஏ-டி, கேட்’ என்று எழுத்துப் பெயர்களைச் சொல்லி மனப்பாடம் செய்தோம். இங்கே தொடக்கத்தில் எழுத்தின் பெயர் முக்கியமில்லை, அது தரும் ஒலியே முக்கியம். முதல் வாரங்களில் எஸ், ஏ, டி, பி, ஐ, என் ஆகிய ஆறு எழுத்துகளின் ஒலிகள் கற்பிக்கப்படுவது வழக்கம், ஏனெனில் இவற்றைக் கொண்டே பல சிறு சொற்களை உடனே படித்துவிடலாம். மொத்தத்தில் 26 எழுத்துகளைக் கொண்டு ஏறத்தாழ 44 ஒலிகளை ஆங்கிலம் எழுதுகிறது.

ஆசிரியர்கள் பெற்றோர் கூட்டத்தில் மிகவும் வலியுறுத்தும் செய்தி, மெய்யொலியோடு ஓர் உயிரொலியை ஒட்டிச் சொல்லாதீர்கள் என்பது. எம் என்ற எழுத்துக்கு ‘ம’ என்று சொல்லக் கூடாது, உதட்டை மூடி ‘ம்’ என்று மட்டும் சொல்ல வேண்டும். ஆங்கிலம் மட்டுமே அறிந்த பெற்றோர் பலர் இதை விளங்கிக்கொள்ளச் சிரமப்படுவதை நான் பார்த்திருக்கிறேன். நமக்கோ இது புள்ளி வைத்த எழுத்து. க் வேறு, க வேறு என்று ஆறு வயதிலேயே கற்றவர்கள் நாம். க் என்ற மெய்யும் அ என்ற உயிரும் சேர்ந்து க ஆகும் என்ற அதே கணக்குதான், இங்கே ஒலிகளைச் சேர்த்துச் சொல்லாக்குவது. ‘ஸ, அ, ட’ என்று சொல்லிக்கொண்டிருந்தால் எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் ‘சேட்’ வராது. ‘ஸ்’ என்று நீட்டி, அடுத்த ஒலியில் வழுக்கி, ‘ட்’ என்று நிறுத்தினால் வந்துவிடும்.

இரண்டு எழுத்து சேர்ந்து ஒரே ஒலி தரும் இடங்கள் அடுத்த கட்டம். ‘ஷிப்’ என்ற கப்பற்சொல்லில் நான்கு எழுத்துகள், ஆனால் ஷ், இ, ப் என்று மூன்றே ஒலிகள். ‘நைட்’ என்ற இரவுச் சொல்லில் ஐ, ஜி, எச் என்னும் மூன்று எழுத்துகளும் சேர்ந்து ஒரே ஒலி. பிறகு, ‘மேக்’ என்ற சொல்லில் வருவதுபோல், உயிரொலியைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள் பிரிந்து நின்று நடுவில் ஒரு மெய்யெழுத்தை வைத்துக்கொள்ளும். பல பிள்ளைகள் தடுமாறும் இடம் இது. நம் ‘கொ’வை எழுதிக் காட்டுங்கள்: முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால், நடுவில் க, ஆனால் ஒலிப்பது ஒரே ஒ குறில். வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்குப் போகும் ஏழு வயதுப் பையன் ஒருவனுக்கு இப்படி எழுதிக் காட்டியபோது, அவன் விரலை ‘மேக்’ என்ற சொல்லின் இரு முனைகளிலும் வைத்து, ‘இதுவும் கொம்பு கால்தானே?’ என்று கேட்டான். அந்த வாரத்திலிருந்து அந்த வகைச் சொற்களில் அவன் நிற்கவில்லை.

தமிழ் உதவாத இடமும் உண்டு. ஆங்கிலச் சொல்லின் மேல் பென்சிலால் தமிழில் உச்சரிப்பை எழுதிக் கொடுக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கிரிக்கெட் மட்டை, தட்டிக்கொடுப்பது, விளையாட்டு வீரர் காலில் கட்டும் காப்பு, கெட்டது என்னும் நான்கு ஆங்கிலச் சொற்களையும் நாம் ‘பேட்’ என்றுதான் எழுதுவோம். பிள்ளை கற்றுக்கொண்டிருப்பதோ அந்த நான்கின் வேறுபாட்டை.

நான்காம் படி: நாளுக்குப் பத்து நிமிடம்

பள்ளி விட்டு வந்து, ஏதாவது சாப்பிட்ட பிறகு, தொலைக்காட்சி அணைந்திருக்கும் வேளையில் பத்து நிமிடம் போதும். புத்தகத்தைப் பிள்ளை பிடிக்கட்டும், பக்கத்தைப் பிள்ளை திருப்பட்டும். ஒரு சொல்லில் நின்றுவிட்டால் உடனே வாயைத் திறக்காதீர்கள். மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பெரும்பாலான நேரங்களில் நான்குக்குள் பிள்ளை முயன்றுவிடும். இல்லையென்றால், ‘முதல் ஒலி என்ன?’ என்று கேட்டு, ஒலி ஒலியாகச் சொல்ல வைத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். ‘படத்தைப் பார்த்துச் சொல்’ என்று தூண்ட வேண்டாம். இதுவரை கற்பிக்கப்படாத ஒலி உள்ள சொல்லாக இருந்தால், நீங்களே சொல்லிவிட்டுக் கடந்து செல்லுங்கள். ‘செட்’, ‘வாஸ்’ போன்று எழுத்தும் ஒலியும் பொருந்தாத அன்றாடச் சொற்களை ஆசிரியர்கள் தனியே கற்பிப்பார்கள்; அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கிச் சமையலறைக் கதவில் ஒட்டிவைத்தால் நல்லது.

ஒரே புத்தகத்தை மூன்று முறை படிக்கச் சொன்னால் வியக்காதீர்கள். லிட்டில் வாண்டில் முறையில், பள்ளியிலேயே ஒரு புத்தகத்தை வாரத்தில் மூன்று அமர்வுகளில் படிக்கிறார்கள்: முதலில் சொற்களைக் கூட்டிப் படிக்க, பிறகு ஏற்ற இறக்கத்தோடு படிக்க, கடைசியில் பொருளைப் பேச. அதற்குப் பிறகே அது வீட்டுக்கு வரும். ‘ஏற்கெனவே படித்ததையே கொடுத்து அனுப்புகிறார்கள்’ என்று குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். வீட்டில் அதைத் தடுமாறாமல் படித்துக் காட்டிப் பெருமைப்படுவதற்காகத்தான் அனுப்புகிறார்கள். அந்த நேரத்தில் கேட்டு மகிழ்வதைத் தவிர நமக்கு வேறு கடமை இல்லை.

படித்து முடித்ததும் கதையைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள், தமிழில் கேட்டாலும் சரியே. பிறகு குறிப்பேட்டில் தேதியும் ஒரு வரியும் எழுதுங்கள். ‘நன்று’ என்று மட்டும் எழுதுவதைவிட, ‘எட்டாம் பக்கம் வரை தானே படித்தான், ஷ் ஒலியில் இரண்டு முறை நின்றான்’ என்பதை எளிய ஆங்கிலத்தில் எழுதினால், அடுத்த புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க ஆசிரியருக்கு அது நேரடியாக உதவும். இலக்கணப் பிழையைப் பற்றி வெட்கப்படவே வேண்டாம். யாரும் அதைத் திருத்தப் போவதில்லை.

பல பள்ளிகள் இதனோடு நிலை இல்லாத இன்னொரு கதைப் புத்தகத்தையும் அனுப்பும். அது நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டியது. இரண்டையும் மாற்றிக்கொண்டு, அந்தப் பெரிய புத்தகத்தைப் பிள்ளையைப் படிக்கச் சொல்லி வருத்தும் வீடுகள் நிறைய.

ஐந்தாம் படி: ஜூன் மாதச் சோதனை

இயர் ஒன் பிள்ளைகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் ஃபோனிக்ஸ் சோதனை நடக்கும். 2012ஆம் ஆண்டில் தொடங்கிய இது, ஆசிரியரோடு தனியே அமர்ந்து 40 சொற்களைப் படித்துக் காட்டும் சில நிமிட வேலைதான். அவற்றில் 20 உண்மைச் சொற்கள். மற்ற 20 பொருளே இல்லாத சொற்கள். பொருளற்ற சொல்லின் பக்கத்தில் ஒரு விசித்திர உயிரினத்தின் படம் இருக்கும். அது அந்த உயிரினத்தின் பெயர் என்று பிள்ளைக்குச் சொல்லியிருப்பார்கள். கூட்டிப் படிக்கத் தெரிகிறதா, சொல்லை மனப்பாடமாக அடையாளம் காண்கிறதா என்று பிரித்தறியவே இந்த ஏற்பாடு. ஆகவே வீட்டில் பயிற்சித் தாளில் ‘ஸ்ட்ராம்’ என்று பிள்ளை சரியாகப் படித்தால், ‘ஸ்டார்ம் என்று சொல்’ எனத் திருத்திவிடாதீர்கள்.

தேர்ச்சி எல்லை பல ஆண்டுகளாக 32 ஆக இருந்துவருகிறது. அதை எட்டாத பிள்ளை இயர் டூவில் மீண்டும் படித்துக் காட்டும், இடையில் பள்ளி கூடுதல் உதவி தரும். இதற்காகத் தனிப்பயிற்சி வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நிலை நகராமல் நின்றால்

மூன்று நான்கு வாரம் ஒரே நிறத்தில் இருப்பது இயல்பு. ஆனால் பிள்ளை ஒவ்வொரு பக்கத்திலும் திணறினாலோ, மாறாகப் பல வாரமாக ஒரு பிழையும் இன்றிப் பொருளும் உணர்ந்து ஓடினாலோ, ஆசிரியரிடம் பேசுங்கள். பத்துச் சொல்லில் ஒன்றுக்கு மேல் தவறினால் அந்தப் புத்தகம் கடினம், இருபதில் ஒன்றுக்குக் குறைவாகத் தவறினால் எளிது என்பது ஆசிரியர்கள் நெடுங்காலமாகக் கையாளும் அளவுகோல். ‘ஏன் மேலே ஏற்றவில்லை?’ என்று தொடங்குவதைவிட, ‘இப்போது எந்த ஒலிகளைப் படித்துக்கொண்டிருக்கிறாள், வீட்டில் எதை மீண்டும் பார்க்கலாம்?’ என்று கேட்டால் பயனுள்ள பதில் வரும். எழுத்து மங்கலாகத் தெரிகிறதா, காது சரியாகக் கேட்கிறதா என்பதையும் சோதித்துவிடுங்கள். ஸ், ஷ், ஃப் ஆகியவற்றைப் பிரித்துக் கேட்க முடியாத பிள்ளையால் அவற்றைப் பிரித்துப் படிக்கவும் முடியாது.

ஊரில் ஆங்கில வழிப் பள்ளியில் ஓரிரு ஆண்டு படித்துவிட்டு நடுவில் வந்து சேரும் பிள்ளைகளின் நிலைமை தனி. அவர்களில் பலர் உரக்க, வேகமாக, பிழையின்றிப் படிப்பார்கள். கதையில் என்ன நடந்தது என்று கேட்டால் பதில் வராது. அத்தகைய பிள்ளைக்குப் பள்ளி எதிர்பார்த்ததைவிடக் கீழான நிறத்தைக் கொடுத்தால், அது அவமதிப்பு இல்லை. பேச்சு ஆங்கிலம் வளர்ந்து பொருள் பிடிபட்டதும் நிறங்கள் விரைவாக மாறுவதைக் கண்டிருக்கிறேன். இதற்காக வீட்டில் தமிழை நிறுத்திவிடுங்கள் என்று யாராவது அறிவுரை சொன்னால் ஏற்காதீர்கள். ‘ஏமாற்றம்’, ‘பொறாமை’, ‘கரை’, ‘விதை’ என்னும் கருத்துகள் தமிழில் உள்ளே இருந்தால், ஆங்கிலச் சொல் வரும்போது ஒட்டிக்கொள்ள இடம் இருக்கும்.

மேல்நிலைகளும் அதற்கு அப்பாலும்

ஊதா, பொன்னிறம் நிலைகளுக்கு வந்தபின் சொற்களைப் படிப்பது பெரிய தடையாக இருப்பதில்லை. சொல்லாமல் விட்டதை உணர்வதுதான் அங்கே வேலை. ஆகவே கேள்விகளும் ‘யார், எங்கே’ என்பதிலிருந்து ‘ஏன் அப்படிச் செய்தாள், உனக்கு எப்படித் தெரிந்தது’ என்பதற்கு மாற வேண்டும். எலுமிச்சைப் பச்சையைக் கடந்தவர்களைப் பள்ளிகள் ‘ஃப்ரீ ரீடர்’ என்று அழைத்து, தாங்களே புத்தகம் தேர்ந்துகொள்ள விடும்.

சில பள்ளிகள் அந்தக் கட்டத்தில் ‘ஆக்சிலரேட்டட் ரீடர்’ என்னும் கணினி முறைக்கு மாறும். அதில் நிறம் இருக்காது, 3.5 போன்ற எண் இருக்கும். அது அமெரிக்க வகுப்புக் கணக்கு: மூன்றாம் வகுப்பின் ஐந்தாம் மாதம் என்று பொருள். சொற்களும் வாக்கியங்களும் எவ்வளவு கடினம் என்பதை மட்டுமே அந்த எண் அளக்கிறது. உள்ளடக்கம் எந்த வயதுக்கு ஏற்றது என்பதை எல்.ஒய். (கீழ் வகுப்புகள்), எம்.ஒய். (நடு வகுப்புகள்), யூ.ஒய். (மேல் வகுப்புகள்) என்ற தனிக் குறிகள் காட்டும். எண்ணை மட்டும் பார்த்து, எட்டு வயதுப் பிள்ளைக்குப் பதின்ம வயதினரின் நாவலை எடுத்துவிடாதீர்கள்.

இதற்கெல்லாம் காத்திராமல், பிள்ளை ரிசப்ஷனில் சேர்ந்த வாரத்திலேயே அருகிலுள்ள பொது நூலகத்தில் அதன் பெயரில் ஓர் அட்டை எடுங்கள், கட்டணம் இல்லை. கோடை விடுமுறையில் ‘சம்மர் ரீடிங் சேலஞ்ச்’ நடக்கும். பதிவு செய்துகொண்டு பிள்ளைக்குப் பிடித்த எந்தப் புத்தகத்தையும் படிக்கலாம், நாம் வாசித்துக் காட்டியதும் கணக்கில் சேரும். சனிக்கிழமை காலையில் போனால், தாழ்வான அலமாரிகளின் முன் தரையில் அமர்ந்து அவர்களே தேடுவார்கள். எத்தனை புத்தகம் எடுக்கிறார்கள், எது கடினம், எது எளிது என்று அன்று பார்க்க வேண்டாம். பையைத் தூக்கி வர மட்டும் நாம் இருந்தால் போதும்.